கேட் ரிஜிஸ்டரும் தொடர்பியல் மாமணியும்

மயூரா ஆக்சில் கம்பெனி கேட்டில் வருகிறவர் போகிறவர் பெயரை எழுதி வைப்பது தாண்டவராயனின் உத்தியோகம். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்த காலத்தில், லாரிக்கு ஆக்சில் செய்கிற இந்தக் கம்பெனி பென்னலூர்க்காரர்களின் நிலத்தில் வந்து உட்கார்ந்தது. நிலம் கொடுத்த வகையில் தாண்டவராயனுக்கு ஒரு ஸ்டூலும் ஒரு ஜன்னலும் ஒரு ரிஜிஸ்டரும் கிடைத்தன. ஒன்பது வருஷமாக அந்த ஸ்டூலை விட்டு அவர் எழுந்ததெல்லாம் சல்யூட் அடிக்கத்தான்.

ரிஜிஸ்டரில் எட்டுக் கட்டங்கள். வரிசை எண், பெயர், ஊர், யாரைப் பார்க்க, எதற்காக, வந்த நேரம், போன நேரம், கடைசியில் குறிப்பு. வேலைக்கு வந்த புதிதில் தாண்டவராயன் அந்தக் கடைசிக் கட்டத்தில் நடந்ததை நடந்தபடி எழுதினார். ‘ஐயா இல்லை’ என்று எழுதினார், ‘நாளை வரச் சொன்னேன்’ என்று எழுதினார், ஒருநாள் ‘திட்டிக்கொண்டே போனார்’ என்றுகூட எழுதினார். செக்யூரிட்டி ஆபீசர் இராமச்சந்திரன், பட்டாளத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர், அதைப் படித்துவிட்டு அவரை அரைமணி நேரம் விறைப்பாக நிற்க வைத்து விளக்கினார். ‘நாளை’ என்று எழுதினால் அது பெண்டிங். பெண்டிங்கை வைத்துக்கொண்டு ஷிஃப்டை ஒப்படைக்க முடியாது. ஷிஃப்டை ஒப்படைக்காமல் வீட்டுக்குப் போக முடியாது. வந்த ஆள் கேட்டை விட்டு நகர்ந்துவிட்டால் கேட்டைப் பொறுத்தவரை வேலை முடிந்தது, ஆகவே ‘முடிந்தது’ என்று எழுது என்றார். அதுவரை எழுதியிருந்ததையும் அப்படியே திருத்த வைத்தார்.

தாண்டவராயனுக்கும் வீட்டுக்குப் போகவேண்டியிருந்தது. அன்றிலிருந்து வேலை கேட்டு வந்தவனுக்கும் முடிந்தது, தொலைந்துபோன எருமையைத் தேடி வந்தவனுக்கும் முடிந்தது, கேண்டீன் சமையற்காரரின் மாமியார் காலமான சேதி கொண்டுவந்தவனுக்கும் முடிந்தது. இப்படி ஒரு வம்புதும்பு இல்லாமல் வண்டி ஓடிக்கொண்டிருந்தது, அவர் சம்சாரம் அம்சவல்லி மனுவைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு வருகிறவரை.

மனுவின் விஷயம் இதுதான். பென்னலூர் கீழத்தெருவின் மழைத்தண்ணீர் ஒரு கால்வாய் வழியாக ஏரிக்குப் போய்க்கொண்டிருந்தது. 1990 கோடையில் கம்பெனி அந்தக் கால்வாயின் குறுக்கே காம்பவுண்டுச் சுவரை எழுப்பிவிட்டது. கேட்டதற்கு, அப்படி ஒரு கால்வாய் வரைபடத்தில் இல்லை என்றார்கள். தண்ணீர் வரைபடம் பார்க்கிற ஜாதி இல்லை. ஐப்பசியில் வழக்கம்போல வந்தது, சுவரில் முட்டியது, திரும்பிக் கீழத்தெருவுக்குள் நுழைந்தது. லூர்தம்மாள் வீட்டுப் பின்சுவர் அப்படியே உட்கார்ந்துவிட்டது. அந்த நேரம் அவள் ரேஷன் கடையில் நின்றதால் பிழைத்தாள். அன்றிலிருந்து பக்கத்து வீடான அம்சவல்லி வீட்டில்தான் அவளுக்குப் பாய் தலையணை. அம்சவல்லி வீட்டுச் சுவரிலும் ஒரு விரிசல் விழுந்தது. பொங்கலின்போது அதில் சுண்டுவிரல் நுழைந்தது. ஆடியில் கட்டைவிரல் நுழைந்தது. இன்னொரு ஐப்பசியை இந்தச் சுவர் தாங்காது என்று கொத்தனார் வந்து தட்டிப் பார்த்துச் சொல்லிவிட்டார். அதற்குள் காம்பவுண்டில் நாலடி திறந்துவிடவேண்டும். மனு அவ்வளவுதான்.

வீட்டுக்காரர் உள்ளேயே வேலை பார்க்கிறாரே, அவர் சொல்லக் கூடாதா என்று நீங்கள் கேட்பீர்கள். கேட் ஸ்டாஃப் கேட்டோடு நிற்கவேண்டும், ஆபீஸ் கட்டடத்துக்குள் வரக் கூடாது என்று சர்க்குலர் இருந்தது. அந்தச் சர்க்குலரை ஒட்டி வைத்திருந்த இடம் தாண்டவராயனின் ஸ்டூலுக்கு நேர் எதிர்ச்சுவர். ஆகவே பொங்கல் கழிந்த திங்கள்கிழமை அம்சவல்லியே கிளம்பினாள். பி.ஆர்.ஓ. என்று ஒருவர் கம்பெனியில் இருக்கிறார், பெயர் சுபாஷ், மக்களோடு தொடர்பு வைத்துக்கொள்வதற்காகவே அவரைச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறார்கள் என்று யாரோ சொல்லக் கேட்டு அவரைப் பார்க்க வந்தாள்.

“பேரு?” என்றார் தாண்டவராயன், ரிஜிஸ்டரைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

“இருவது வருசமா குடும்பம் நடத்திக்கினு கீற, எம்பேரு தெரியாதா உனுக்கு?”

“ரூல்ஸும்மே. கேட்டுத்தான் எழுதணும்.”

அவள் பெயரைச் சொன்னாள், ஊரைச் சொன்னாள், புருஷன் பெயரையும் சொன்னாள். அவர் உள்ளே போன் போட்டார். பிறகு ஒன்பது வருஷமாக எல்லோருக்கும் சொல்கிற வாசகத்தைப் பெண்டாட்டிக்கும் சொன்னார்: “சார் மீட்டிங்ல கீறாரு. மனு இருந்தா குட்த்துட்டுப் போங்க.” நாலு நிமிஷத்தில் எல்லாம் ஆயிற்று. அவள் தெருமுனை திரும்புகிறவரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எட்டாவது கட்டத்தில் ‘முடிந்தது’ என்று எழுதினார். கை கூசியது. எழுதினார். அன்று வீட்டுக்குப் போனபோது சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கேட்டில் மனு முடிந்த மாதிரி இங்கே சோறும் முடிந்தது என்று அம்சவல்லி சொல்லிவிட்டாள். லூர்தம்மாள்தான் பாவம் பார்த்துத் தன் தட்டிலிருந்து பாதி எடுத்து வைத்தாள். அடுத்த திங்களும் அம்சவல்லி கேட்டுக்கு வந்தாள். அதற்கடுத்த திங்களும் வந்தாள். தாண்டவராயன் திங்கள்கிழமைகளில் பொட்டலம் கட்டிக்கொண்டு போகப் பழகினார்.

இந்த நிலைமையில்தான் ஜூன் மாதம் பேராசிரியர் பாண்டுரங்கன் வந்து சேர்ந்தார்.

அகில பாரத மக்கள் தொடர்பியல் அறிஞர் பேரவை என்று ஒரு சபை இருந்தது. மக்கள் தொடர்பு என்கிற சாஸ்திரத்தில் சிறந்த ஆராய்ச்சி செய்தவருக்கு வருஷந்தோறும் ‘தொடர்பியல் மாமணி’ என்ற விருதைத் தங்கப் பதக்கத்தோடு கொடுப்பது அதன் பணி. எந்தக் கம்பெனியைப் பற்றி ஆராய்ச்சியோ அந்தக் கம்பெனிக்கும் ஒரு கேடயம் உண்டு. ஆரம்பத்தில் பேரவையில் இருபத்து மூன்று அறிஞர்கள். இருபது பேர் வாங்கியாகிவிட்டது. மிச்சம் மூவரில் ஒருவர் காலமாகிவிட்டார், ஒருவர் தலைவர், தன் கையாலேயே தனக்குப் போட்டுக்கொள்ளக் கூச்சப்பட்டார். இந்த வருஷம் பாண்டுரங்கன் முறை. ஆராய்ச்சி ஒன்றுதான் பாக்கி.

அவர் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் இறங்கி, இரண்டு பஸ் மாறி, வியர்த்து விறுவிறுத்து வந்தார். பி.ஆர்.ஓ. சுபாஷுக்கு அவரைக் கண்டதும் வாயெல்லாம் பல். அந்த வருஷம் ஸ்ரீபெரும்புதூர் என்ற பெயர் பேப்பரில் வந்ததெல்லாம் வேறு துக்கத்துக்காக. நல்ல காரியத்துக்காகவும் ஒரு தடவை வரட்டுமே என்று சுபாஷ் சொன்னார். ஆராய்ச்சிக்கு என்ன தேவை என்று கேட்டார். எண்கள் தேவை என்றார் பேராசிரியர். ஒன்பது வருஷத்து கேட் ரிஜிஸ்டர்களும் தூசு தட்டி எடுத்துவரப்பட்டன.

ஆறு வாரம் பேராசிரியர் கெஸ்ட் ஹவுஸில் ஃபேனுக்கு அடியில் அவற்றைப் புரட்டினார். மொத்தம் பதினாலாயிரத்து அறுநூற்றுப் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். பதினாலாயிரத்து அறுநூற்றுப் பன்னிரண்டு பேரின் காரியமும் முடிந்திருந்தது. ஒருவருக்குச் சராசரி நாலு நிமிஷம். அவர் கால்குலேட்டரை இரண்டு தடவை மாற்றிப் பார்த்தார். அப்புறம் இன்னொன்றும் அவர் கண்ணில் பட்டது. பென்னலூர் அம்சவல்லி என்கிற ஒரு பெண்மணி திங்கள் தவறாமல் வந்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும் அவர் காரியம் முடிந்திருக்கிறது. முடிந்த பிறகும் வருகிறார் என்றால் அது என்ன? அன்பு. வேறென்ன? அதற்கு ‘மீள்வருகைப் பற்றுக் குறியீடு’ என்று பெயர் வைத்து ஒரு தனி அத்தியாயமே எழுதினார்.

தாண்டவராயன் இதைக் கேள்விப்பட்டுப் பதறிப்போனார். பேராசிரியர் கேட்டைக் கடக்கும்போது எழுந்து சல்யூட் அடித்து, முடிந்தது என்றால் ஆள் கேட்டைவிட்டுப் போய்விட்டார் என்றுதான் அர்த்தம், வந்த காரியம் ஒன்றுகூட நடக்கவில்லை என்று தட்டுத் தடுமாறிச் சொன்னார்.

பேராசிரியர் அவர் தோளில் கை வைத்தார். “தரவைச் சேகரிப்பவர் தரவுக்குப் பொருள் சொல்லக் கூடாது. அது ஆய்வு நெறிக்கு விரோதம். நீங்கள் எழுதுங்கள். அதில் என்ன இருக்கிறது என்று நான் உங்களுக்குச் சொல்கிறேன்.”

ஊர் பக்கத்தில்தான் இருக்கிறது, ஒரு நடை வந்து பார்க்கலாமே என்றும் தாண்டவராயன் கேட்டுப் பார்த்தார். பேராசிரியர் சிரித்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

ஆவணியில் விருது அறிவிப்பு வந்தது. அன்றோடு அம்சவல்லி முப்பத்தோரு தடவை வந்திருந்தாள். மக்கள் தொடர்புக்கான விழாவில் மக்கள் யாரும் இல்லாவிட்டால் போட்டோவில் நன்றாக இருக்காது என்று பேரவையிலிருந்து எழுதியிருந்ததால், மக்கள் சார்பில் அவளை மேடையேற்றுவதென்று முடிவாயிற்று. அழைப்பிதழை அச்சடித்துக் காரில் கொண்டுவந்து கொடுத்தார்கள். அம்சவல்லிக்குச் சந்தோஷம் தாளவில்லை. ஏழு மாதம் கழித்துக் கூப்பிட்டு அனுப்பியிருக்கிறார்கள், கால்வாய் திறக்கத்தான் என்று நம்பினாள். லூர்தம்மாளின் பட்டுப்புடவையை இரவல் வாங்கிக் கட்டிக்கொண்டாள். மனுவைப் புதுத் தாளில், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதி எடுத்துக்கொண்டாள். கேட்டில் தாண்டவராயன் பெயர் கேட்டு எழுதிக்கொண்டுதான் உள்ளே விட்டார். அவள் உள்ளே போனது அதுவே முதல் தடவை.

மேடையில் பதினேழு நாற்காலிகள். பதினாறில் பெயர் எழுதி ஒட்டியிருந்தது. ஓரத்து நாற்காலியில் ‘மக்கள்’ என்று ஒட்டியிருந்தது. அம்சவல்லி அதில் உட்கார்ந்தாள்.

பேரவைத் தலைவர் முதலில் பேசினார். மக்கள் தொடர்பு என்பது குழந்தைப் பருவத்தில் மக்களை நாடியது. வளர்ந்த பிறகு அதற்கு மக்களின் துணை தேவைப்படவில்லை. மயூரா ஆக்சில் அந்த முதிர்ச்சியை அடைந்துவிட்டது என்று நாற்பது நிமிஷம் சொன்னார். அடுத்து பி.ஆர்.ஓ. சுபாஷ் எழுந்தார். மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு அம்சவல்லியின் பக்கம் கையை நீட்டினார்.

“இந்த அம்மா முப்பத்தோரு முறை என்னைப் பார்க்க வந்தார்கள். பெருமையோடு சொல்கிறேன், ஒரு முறைகூட நான் இவர்களைப் பார்த்ததில்லை. இன்றுதான் முகத்தையே பார்க்கிறேன். பார்க்காமலே இப்படி ஒரு உறவை வளர்த்திருக்கிறோம் என்றால், பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.”

கைதட்டல் ஓய வெகுநேரமாயிற்று. பதக்கத்தை அணிந்துகொண்ட பேராசிரியர் பாண்டுரங்கன் நா தழுதழுக்க ஏற்புரை ஆற்றினார்.

“பென்னலூர் எந்தத் திசையில் இருக்கிறது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அங்கே போயிருந்தால் அந்த மக்களின் பேச்சு என் காதில் விழுந்திருக்கும். விழுந்திருந்தால் என் முடிவு மாறியிருக்கலாம். அந்த ஆபத்துக்கு நான் இடம் கொடுக்கவில்லை. இந்தப் பதக்கம் அந்தக் கட்டுப்பாட்டுக்குக் கிடைத்தது.”

கடைசியில் அம்சவல்லிக்குச் சால்வை போர்த்தினார்கள். அவள் மனுவை நீட்டினாள். போட்டோகிராபர் அப்படியே பிடிக்கச் சொன்னார், பிடித்தாள். ஃப்ளாஷ் எரியவில்லை, மறுபடி கொடுங்கள் என்றார்; வாங்கி மறுபடி கொடுத்தாள். தலைவரோடு ஒன்று, பதக்கத்தோடு ஒன்று, கேடயத்தோடு ஒன்று என்று ஒரே மனுவை ஐந்து தடவை கொடுத்தாள். மைக் அருகில் வந்தபோது, சார் அந்தக் கால்வாயி என்று ஆரம்பித்தாள். உடனே நாதஸ்வரத்துக்குச் சாடை காட்டிவிட்டார்கள். மறுநாள் அந்த மனு கண்ணாடிச் சட்டம் போட்டு பி.ஆர்.ஓ. ரூமில் மாட்டப்பட்டது. படித்துப் பார்க்க முடியாத உயரத்தில் மாட்டியிருந்ததாகக் கூட்டுகிற பெண் வந்து சொன்னாள்.

அம்சவல்லி விழா முடிந்து வீட்டுக்கு வந்து சால்வையை மடித்து வைத்தாள். கட்டைவிரலை விரிசலில் விட்டுப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தாண்டவராயனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். தன் கையால் எழுதிய முப்பத்தோரு ‘முடிந்தது’தான் அவளை அந்த நாற்காலியில் கொண்டுபோய் உட்கார வைத்தது என்று அவருக்குத் தெரியும்.

மூன்றாம் நாள் சுபாஷ் தாமே கேட்டுக்கு நடந்து வந்தார். மாமணிக்கு மேலே ‘தொடர்பியல் பேரொளி’ என்று ஒன்று இருக்கிறதாம். ஆராய்ச்சியில் சொன்னது நேரிலும் நடக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அதைக் கொடுப்பார்களாம். அக்டோபர் பதினாலு, திங்கள்கிழமை, மூன்று நிபுணர்கள் வந்து கேட்டிலேயே உட்கார்ந்து ரிஜிஸ்டரைப் பார்வையிடுவார்கள். அன்றைக்கு நல்ல கூட்டம் இருக்கவேண்டும், முக்கியமாக உன் மிசஸ் வந்தே ஆகவேண்டும் என்றார்.

தாண்டவராயன் சல்யூட் அடித்தார். அவள் கேட்பது நாலடி திறப்புதான், அதைச் செய்து கொடுத்துவிட்டால் சந்தோஷமாக வருவாள் சார் என்றார். வாழ்க்கையில் அவர் மேலதிகாரியிடம் பேசிய மிக நீளமான வாக்கியம் அது.

சுபாஷ் அவரை இரக்கத்தோடு பார்த்தார். “யோசிச்சுப் பேசு தாண்டவராயா. சுவரைத் திறந்துட்டா அவங்க எதுக்கு வருவாங்க? தொடர்பே அத்துப் போயிடும்.”

இதை அட்சரம் பிசகாமல் தாண்டவராயன் வீட்டில் வந்து சொன்னார். அம்சவல்லி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நின்றது.

“அப்போ நாங்க வர்றதுதான் அவுங்களுக்கு ஓணுமா?”

“அப்டித்தான் தெரியுது.”

“செரி. இனிமே நாங்க வர்ல.”

லூர்தம்மாள் அன்றைக்கே முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கீழத்தெரு, மேலத்தெரு, சர்ச் தெரு எல்லாம் போய் வந்துவிட்டாள். கம்பெனி கேட்டுக்கு வேலை கேட்டுப் போகிறவர்களும் மனு கொடுக்கப் போகிறவர்களும் பெரும்பாலும் பென்னலூர்தான். போய் என்னத்தைக் கிழித்தோம் என்று எல்லோருக்கும் தோன்றியிருந்தது. யாராவது முதலில் சொல்லவேண்டியிருந்தது. மறுநாள் கேட்டுக்கு ஒருவர் வந்தார். தபால்காரர். அதற்கடுத்த நாளும் அவரே வந்தார். அப்புறம் அவரும் லீவு போட்டுவிட்டார்.

சுபாஷ் முதலில் ‘பொதுமக்களே வருக’ என்று துணியில் எழுதிக் கட்டினார். பிறகு பானையில் மோர் வைத்தார். மோரைத் தாண்டவராயனும் இராமச்சந்திரனும் குடித்துத் தீர்த்தார்கள். அடுத்து, கேண்டீன் ஆட்களையும் கான்ட்ராக்ட் தொழிலாளிகளையும் பின்கேட் வழியாக வெளியே அனுப்பி, லுங்கி மாற்றிக்கொண்டு முன்கேட் வழியாக மக்களாக வந்து ஒத்திகை பார்க்கச் சொன்னார். முதல் ஆள் எதற்காக வந்தாய் என்று கேட்டதற்குத் திருதிருவென்று விழித்தான். குறை ஏதாவது சொல் என்று இராமச்சந்திரன் அதட்டியதும், ஆறு மாதமாக ஓ.டி. பணம் வரவில்லை என்றான். அவனைப் பர்சனல் டிபார்ட்மெண்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அதன் பிறகு யாரும் மக்களாக வர முன்வரவில்லை. தாண்டவராயன் அந்த ஆளுக்கும் எட்டாவது கட்டத்தில் ‘முடிந்தது’ என்று எழுதியிருந்தார்.

நிபுணர்கள் வர ஒரு வாரமே இருக்கிறபோது, கம்பெனியின் அம்பாசிடர் கார் பென்னலூர் கீழத்தெருவில் வந்து நின்றது. சுபாஷும் பேராசிரியர் பாண்டுரங்கனும் இறங்கினார்கள். பென்னலூர் எந்தத் திசையில் இருக்கிறது என்பது பேராசிரியருக்கு அன்றைக்குத் தெரிந்துபோயிற்று. தாண்டவராயனுக்கு அன்று வாராந்திர லீவு. வாசலுக்கு வந்து சல்யூட் அடிப்பதா, உள்ளேயே இருந்துவிடுவதா என்று தெரியாமல் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

வாசலில் லூர்தம்மாள் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் நாற்பது பக்க நோட்டு, எட்டுக் கட்டம் கோடு போட்டிருந்தது.

“பேரு?” என்றாள்.

சுபாஷ் சொன்னார். பேராசிரியர் தம் பட்டங்களோடு சேர்த்துச் சொன்னார். பட்டத்துக்குக் கட்டத்தில் இடமில்லை என்று லூர்தம்மாள் விட்டுவிட்டாள். எந்த ஊர், யாரைப் பார்க்க, எதற்காக என்று வரிசையாகக் கேட்டாள். எழுத்துக் கூட்டி எழுதிக்கொண்டாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். அம்சவல்லி அடுப்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா மீட்டிங்ல கீறாங்க. மனு இருந்தா குட்த்துட்டுப் போங்க.”

கதவுக்குப் பின்னால் தாண்டவராயன் வாயைப் பொத்திக்கொண்டார், சிரிப்பா அழுகையா என்று அவருக்கே சொல்லத் தெரியாது. வந்தவர்கள் கேட்டுக்கு வெளியே, அதாவது அந்த முள்வேலிப் படலுக்கு வெளியே, போய்ச்சேர நாலு நிமிஷம் ஆயிற்று.

மறுநாளும் வந்தார்கள். மீட்டிங் முடியவில்லை. மூன்றாம் நாள் கம்பெனி லெட்டர்பேடில் டைப் அடித்த மனுவோடு வந்தார்கள். ‘தாங்கள் வழக்கம்போல வருகை தந்து எங்கள் நிறுவனத்தோடு தொடர்பு கொள்ளுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்’ என்று இருந்தது. அம்சவல்லி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து அதைக் கடைசி வரி வரைக்கும் படித்தாள். எட்டு மாதத்தில் அவள் மனுவை யாரும் அப்படிப் படித்ததில்லை.

“ஐப்பசி பொறக்கறதுக்குள்ள செவுத்த நாலடி தொறந்து வுடுங்க. தொறந்துட்டா திங்கக்கெழம நான் வரேன், எங்க தெருவும் வரும். சொன்னா சொன்னதுதான், நாங்க மாத்திப் பேச மாட்டோம்.”

சுபாஷ் பேராசிரியரைப் பார்த்தார். குறையைத் தீர்ப்பதற்குக் கம்பெனியில் விதி எதுவும் இல்லை என்பது சங்கடம். பேராசிரியர் காரிலேயே யோசித்து வழி கண்டுபிடித்தார். இதைக் குறை தீர்ப்பது என்று சொன்னால்தானே? நிறுவனத்துக்கும் மக்களுக்கும் இடையே உள்ள தடுப்பில் ஒரு ‘தொடர்புத் திறப்பு’ என்று சொல்லலாம். கொள்கை அளவில் மிக முற்போக்கான விஷயம். அந்தப் பெயரில் ஃபைல் போனதும் மேலே உடனே கையெழுத்தாகிவிட்டது. சனிக்கிழமை நாலு பேர் கடப்பாரையோடு வந்து நாலடி உடைத்துக் கம்பி வைத்தார்கள். மேலே ‘தொடர்புத் திறப்பு’ என்று பெயிண்டில் எழுதினார்கள். லூர்தம்மாள் இடிந்த தன் பின்சுவர்ப் பக்கம் நின்று அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இதைப் போன வருஷமே செய்திருந்தால் என்னவாம் என்று மட்டும் சொன்னாள்.

திங்கள்கிழமை நிபுணர்கள் மூவரும் கேட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். ஒன்பது மணியிலிருந்து பென்னலூர் வரிசை கட்டி வந்தது. வந்தவர்கள் எதற்காக வந்தோம் என்று எதையாவது சொன்னார்கள். தாண்டவராயன் எழுதித் தள்ளினார். நாற்பத்தைந்து பேருக்கும் ‘முடிந்தது’ போட்டாகிவிட்டது. நிபுணர்கள் தலையை ஆட்டிக்கொண்டார்கள். நாற்பத்தாறாவதாக அம்சவல்லி வந்தாள். பெயர், ஊர், யாரைப் பார்க்க எல்லாம் கேட்டார். எதற்காக என்றார், கால்வாய் விஷயமாக என்றாள். பழக்கதோஷத்தில் பேனா எட்டாவது கட்டத்துக்குப் போயிற்று. அவள் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி அந்தக் கட்டத்தின்மேல் கட்டைவிரலை வைத்தாள்.

“மழ பேய்ட்டும். தண்ணி அந்தாண்ட போய்ச் சேர்ட்டும். அப்பால எழுது.”

அவர் அந்தக் கட்டைவிரலைப் பார்த்தார். விரிசலை ஆடியிலிருந்து அளந்துகொண்டிருக்கிற விரல். பேனாவை மூடி வைத்தார்.

சாயங்காலம் தலைமை நிபுணர் மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு பக்கத்தைப் பார்த்தார். ஒரு கட்டம் காலியாக இருக்கிறதே என்றார். சுபாஷ் கண்ணாலேயே கெஞ்சினார். இராமச்சந்திரன் தொண்டையைச் செருமினார். தாண்டவராயன் எழுந்து நின்றார். சல்யூட் அடிக்கவில்லை.

“அது இன்னும் முடியல சார்.”

அறிக்கை ஐந்தே நாளில் வந்தது. ஒன்பது ஆண்டுகளாக ஒரு குறைகூட நிலுவையில் இல்லாத நிறுவனத்தில், நிபுணர்களின் கண்ணெதிரிலேயே ஒரு பெண்மணியின் குறை தீர்க்கப்படாமல் விடப்பட்டது என்றும், இதனால் மக்கள் மனநிறைவு நூறு சதவிகிதத்திலிருந்து சரிந்துவிட்டது என்றும் எழுதியிருந்தார்கள். பேரொளி விருது வடக்கே ஒரு சிமெண்ட் கம்பெனிக்குப் போயிற்று. அந்தக் கம்பெனிக்கு நடந்து போக வழியே கிடையாதாம், அதனால் குறையும் கிடையாது.

ஐப்பசி பிறந்து நாலாம் நாள் ஆரம்பித்த மழை இரண்டு நாள் விடாமல் பெய்தது. தண்ணீர் கீழத்தெருவைத் தொட்டுப் பார்த்துவிட்டு, நாலடித் திறப்பு வழியாக, ‘தொடர்புத் திறப்பு’ என்கிற எழுத்தில் பாதியை நனைத்துக்கொண்டு, ஏரிக்குப் போயிற்று. அம்சவல்லி வீட்டுச் சுவர் நின்றது. அவள் தாண்டவராயனுக்கு அன்று சுடச்சுடச் சோறு போட்டு, பக்கத்தில் கருவாட்டுத் தொக்கும் வைத்தாள். இனித் திங்கள்கிழமைப் பொட்டலம் வேண்டாம் என்றாள்.

இருபத்து மூன்றாம் தேதி காலையில் தாண்டவராயன் ஷிஃப்டுக்குப் போனதும் முதல் வேலையாகப் பழைய பக்கத்தைப் புரட்டினார். நாற்பத்தாறாம் வரிசை, எட்டாவது கட்டம். ‘முடிந்தது’ என்று அழகாக எழுதி, யாரும் கேட்காமலே கீழே கையெழுத்தும் போட்டார். ஒன்பது வருஷத்தில் அவர் அந்த வார்த்தையை மனசறிந்து எழுதியது அதுதான்.

மத்தியானமே மெமோ வந்துவிட்டது. மேற்படி குறை தீர்க்கப்படவில்லை என்று நிபுணர் குழு அறிக்கை கொடுத்திருக்க, அதற்கு மாறாக, 14.10.1991 தேதிப் பதிவில் முன் அனுமதியின்றிப் பொய்யான குறிப்பு எழுதியது ஏன் என்று ஏழு நாட்களுக்குள் எழுத்து மூலம் விளக்கவேண்டும் என்று அதில் இருந்தது. கீழே இராமச்சந்திரன் கையெழுத்தும் சுபாஷ் கையெழுத்தும் இருந்தன.

தாண்டவராயன் இரண்டு தடவை படித்தார். வேலை போனாலும் போகட்டும் என்று தோன்றியது, பயமாகவும் இருந்தது. ஏழு நாள் எதற்கு என்று ரிஜிஸ்டரிலிருந்தே ஒரு வெள்ளைத் தாளைக் கிழித்தார். கீழத்தெருத் தண்ணீர் இருந்த இடத்தை நினைத்துப் பார்த்துக்கொண்டு, விளக்கம் என்று மேலே எழுதி, அதற்குக் கீழே ஒரே வரி எழுதினார்.

‘தண்ணீர் போய்விட்டது.’